எம்கேடிர் உருவாக்கும் கோப்புறையின் அனுமதி 1411 என வருகிறது, உள்ளே எதையும் உருவாக்க முடியவில்லை

ஈசூன்_நிரலர்

வணக்கம். சிங்கப்பூரில் நடக்கும் தமிழ் நிகழ்ச்சிகளின் படங்களை வட்டாரவாரியாகச் சேமிக்கும் சர்வீஸ் ஒன்று. சி மொழி, உபுண்டு சர்வர், எக்ஸ்டி4 கோப்பு முறைமை. படம் வந்து சேர்ந்ததும் வட்டாரத்தின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் தேதியின் பெயரில் இன்னொரு கோப்புறை உருவாக வேண்டும். நிரலில் இருப்பது (எம்கேடிர் என்பது கோப்புறை உருவாக்கும் அழைப்பு, 777 அதற்குக் கொடுக்கும் அனுமதி எண், அதாவது மோட்):

எம்கேடிர்("/தரவு/பொங்கோல்", 777);
எம்கேடிர்("/தரவு/பொங்கோல்/2025-03-14", 777);

மடிக்கணினியில் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டினால் எல்லாம் சரியாக நடக்கிறது. சர்வரில் சிஸ்டம்டி சர்வீஸாக, தனிப் பயனர் கணக்கில் ஓடும்போது முதல் அழைப்பு 0 திருப்புகிறது, கோப்புறையும் உருவாகிறது. இரண்டாவது அழைப்பு -1, எர்நோ (பிழை எண்) 13. ஸ்டாட் கட்டளையில் பார்த்தால் பொங்கோல் கோப்புறையின் அனுமதி 1411. யூமாஸ்க் (புதிதாக உருவாவதில் கழற்றப்படும் அனுமதிகள்) 0022.

மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

ஒன்று, இந்த 1411 எங்கிருந்து வருகிறது? யூமாஸ்க்தான் இப்படிச் செய்கிறதா?

இரண்டு, வொர்க்கர் ப்ராசஸ்கள் இரண்டு ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எம்கேடிருக்கு முன்பு ஸ்டாட் போட்டு, கோப்புறை இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் அழைக்கிறேன். அப்படியும் அவ்வப்போது எர்நோ 17 வருகிறது.

மூன்று, "படக்குழு" என்ற லினக்ஸ் குழுவில் இருக்கும் எல்லாரும் இந்தக் கோப்புறைகளில் எழுத முடிய வேண்டும். மோடில் 0775 கொடுத்தால் போதுமா?

---

தேக்காவாசி

முதல் கேள்விக்கு அந்த 1411 என்ற எண்ணிலேயே பதில் இருக்கிறது. நிரலில் 777 என்று எழுதியிருக்கிறீர்கள், 0777 என்று இல்லை. சி மொழியில் முன்னால் பூஜ்ஜியம் இருந்தால்தான் அது ஆக்டல் எண். பூஜ்ஜியம் இல்லாத 777, எழுநூற்று எழுபத்தேழு என்ற சாதாரண டெசிமல் எண்தான். எட்டின் அடுக்குகளாகப் பிரித்துப் பாருங்கள்:

777 = (1 × 512) + (4 × 64) + (1 × 8) + 1

அதாவது ஆக்டலில் 1411. இதில் 4 உங்கள் பயனருக்கு, அதாவது கோப்புறையின் உரிமையாளருக்கு. வாசிக்கலாம், எழுத முடியாது, உள்ளே நுழையவும் முடியாது. குழுவுக்கு 1, மற்றவர்களுக்கு 1, இருவருக்கும் நுழைவு மட்டும். முன்னால் நிற்கும் 1 ஸ்டிக்கி பிட், உள்ளே இருப்பதை மற்றவர்கள் நீக்காமல் தடுக்கும் குறி.

கோப்புறைக்குள் இன்னொன்றை உருவாக்க, தாய்க் கோப்புறையில் எழுதும் உரிமையும் நுழையும் உரிமையும் சேர்ந்து வேண்டும். பாதையில் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் உரிமை வேண்டும். பொங்கோல் கோப்புறையை உருவாக்கியவர் நீங்களே என்றாலும் உங்களுக்கு அங்கே இரண்டும் இல்லை. அதனால்தான் எர்நோ 13, அதாவது ஈஆக்ஸஸ்.

யூமாஸ்க் காரணமில்லை. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நீங்கள் கொடுக்கும் மோடில் கீழ் 9 பிட்டுகளையும் ஸ்டிக்கி பிட்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளும், பிறகு யூமாஸ்க்கில் உள்ள பிட்டுகளைக் கழற்றிவிடும். 022 கழற்றுவது குழுவின் எழுதும் பிட்டையும் மற்றவர்களின் எழுதும் பிட்டையும். 1411-இல் அவை முதலிலிருந்தே கிடையாது. அதனால் எண் அப்படியே வட்டில் இறங்கிவிட்டது.

கன்டெய்னரில் ஏன் ஓடியது? அங்கே நிரல் ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) ஓடியிருக்கும். ரூட்டுக்கு இந்த அனுமதிச் சோதனைகளைத் தாண்டும் தகுதி இருக்கிறது, கெர்னலில் அதன் பெயர் கேப்_டேக்_ஓவர்ரைடு. இனிமேல் சோதனை ஓட்டத்திலும் டாக்கருக்கு --யூசர் கொடுத்து சாதாரணக் கணக்கில் ஓட்டுங்கள். அனுமதிப் பிழைகள் அங்கேயே தலைகாட்டிவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் எஸ்டிரேஸ் போடுங்கள், நிரல் கெர்னலிடம் கேட்கும் ஒவ்வொரு அழைப்பையும் (சிஸ்டம் கால்) காட்டும் கருவி அது. மோடை அது எப்போதும் ஆக்டலில் காட்டும்:

எம்கேடிர்("/தரவு/பொங்கோல்", 01411) = 0
எம்கேடிர்("/தரவு/பொங்கோல்/2025-03-14", 01411) = -1 ஈஆக்ஸஸ்

(உண்மையான திரையில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக \340\256\252 என்பதுபோல் பைட் எண்கள் வரும். அந்த மூன்றும் சேர்ந்து "ப".) எஸ்டிரேஸில் எம்கேடிர், எம்கேடிர்ஏட் இரண்டையும் வடிகட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்ம்64 சர்வராக இருந்தால் பழைய எம்கேடிர் சிஸ்டம் காலே அங்கே கிடையாது, எம்கேடிர்ஏட் மட்டும்தான், எண் 34. எக்ஸ்86-64-இல் இரண்டும் உண்டு: 83, 258. ஆர்ம்64-இல் எஸ்டிரேஸ் "தெரியாத சிஸ்டம் கால்" என்று மறுத்தால், எம்கேடிர் என்ற பெயருக்கு முன் ஒரு கேள்விக்குறி போட்டால் ஏற்றுக்கொள்ளும். செக்கம்ப் வடிகட்டி (நிரல் எந்தச் சிஸ்டம் கால்களை அழைக்கலாம் என்று கட்டுப்படுத்துவது) எழுதுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். எம்கேடிரை மட்டும் அனுமதித்த வடிகட்டி ஆர்ம் இயந்திரத்தில் கோப்புறை உருவாக்கும் அழைப்புகள் எல்லாவற்றையும் தடுத்துவிடும்.

777 உடனே பல்லைக் காட்டிவிடுகிறது, அதாவது கண்டுபிடிப்பது எளிது. பூஜ்ஜியமில்லாத 755 இதைவிடத் தொல்லை. அது ஆக்டலில் 1363, யூமாஸ்க் 022 போக 1341. உரிமையாளருக்கு 3: எழுதலாம், நுழையலாம், பட்டியல் மட்டும் எடுக்க முடியாது. சர்வீஸ் நிம்மதியாகக் கோப்புகளை எழுதிக்கொண்டே போகும். பேக்கப் ஸ்கிரிப்ட் பட்டியல் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

மோடை கான்ஃபிக் கோப்பிலிருந்து படித்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜேசனில் ஆக்டல் எண்ணே கிடையாது. ஒன்று, "0755" என்று சரமாக வைத்து, சி-யில் எஸ்டிஆர்டிஓஎல் சார்பை அடிமானம் 8 கொடுத்துப் படியுங்கள். அல்லது டெசிமல் மதிப்பையே எழுதுங்கள்: 0700 என்றால் 448, 0750 என்றால் 488, 0755 என்றால் 493, 0775 என்றால் 509. பைதான் 3 கொஞ்சம் உதவும். 0755 என்று பழைய பாணியில் எழுதினால் இலக்கணப் பிழை என்று நிறுத்திவிடும். ஆனால் 755 என்று எழுதினால் அதுவும் வாய் திறக்காது.

ஏற்கெனவே கெட்டுப்போன கோப்புறைகளைக் கண்டுபிடிக்க:

ஃபைண்ட் /தரவு -டைப் டி -பெர்ம் 1411

முதலில் பட்டியலை மட்டும் பாருங்கள். சரியென்றால் சூடோவுடன், அதே கட்டளையின் பின்னால் -எக்ஸெக் கொடுத்து சிஎச்மாட் ஓட்டுங்கள். சூடோ இல்லாமல் ஓட்டினால் ஃபைண்டும் அந்தக் கோப்புறைகளுக்குள் நுழைய முடியாமல் முணுமுணுக்கும். என்ன எண் போடுவது என்பது உங்கள் மூன்றாவது கேள்வியைப் பொறுத்தது. அதற்குப் பதில் வந்த பிறகு ஓட்டுங்கள்.

---

வேர்க்கோப்புறை

இரண்டாவது கேள்விக்கு: எம்கேடிருக்கு முன்னால் இருக்கும் அந்த ஸ்டாட்டை எடுத்துவிடுங்கள். அது எதையும் உறுதிசெய்யவில்லை. ஸ்டாட் "இல்லை" என்று சொன்ன கணத்துக்கும் எம்கேடிர் ஓடும் கணத்துக்கும் நடுவில் இன்னொரு வொர்க்கர் அதே கோப்புறையை உருவாக்கிவிட்டால் உங்களுக்கு 17, அதாவது ஈஎக்ஸிஸ்ட். இடைவெளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சுமை ஏறும்போது அடிபடத்தான் செய்யும்.

எம்கேடிர் தன்னளவில் பிளவுபடாத செயல். கெர்னல் தாய்க் கோப்புறையைப் பூட்டிக்கொண்டு, அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உருவாக்கிவிட்டுத்தான் பூட்டைத் திறக்கும். இரண்டு ப்ராசஸ் ஒரே பெயரைக் கேட்டால் ஒன்றுக்கு 0, மற்றொன்றுக்கு 17. இரண்டுக்கும் 0 கிடைக்காது. ஆகவே "இருக்கிறதா?" என்ற கேள்வியையும் "உருவாக்கு" என்ற கட்டளையையும் கெர்னலிடமே சேர்த்து விட்டுவிட வேண்டும்:

எம்கேடிர்(பாதை, மோட்) 0 திருப்பினால்: முடிந்தது.
எர்நோ 17 தவிர வேறு எதுவானாலும்: பிழையை மேலே அனுப்பு.
எர்நோ 17 என்றால்: ஸ்டாட்(பாதை). கோப்புறை என்றால் வெற்றி. வேறு எதுவானாலும் பிழை.

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 17 வந்தால் "கோப்புறை இருக்கிறது" என்று பொருளில்லை, "அந்தப் பெயரில் ஏதோ ஒன்று இருக்கிறது" என்றுதான் பொருள். அது சாதாரணக் கோப்பாக இருக்கலாம். எங்கும் போய்ச் சேராத சிம்லிங்க்காகவும் (வேறொரு பாதையைச் சுட்டும் குறுக்குவழி) இருக்கலாம். இந்தக் கடைசி வகையில் எம்கேடிர் "இருக்கிறது" என்கும், ஸ்டாட் எர்நோ 2 கொடுத்து "இல்லை" என்கும். இரண்டும் சரி. எம்கேடிர் கடைசிப் பெயரில் சிம்லிங்க்கைப் பின்தொடராது, ஸ்டாட் பின்தொடரும்.

எர்நோவை உடனே ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். நடுவில் லாக் எழுதும் சார்பை அழைத்தால் அது எர்நோவை மாற்றிவிடலாம். அப்புறம் 17-ஐத் தேடிக்கொண்டிருப்பீர்கள், அங்கே வேறு எண் இருக்கும்.

இன்னொன்று: எம்கேடிர் பாதையின் கடைசித் துண்டை மட்டும்தான் உருவாக்கும். /தரவு இல்லாவிட்டால் எர்நோ 2. நடுவில் இருக்கும் பெயர் கோப்புறையாக இல்லாமல் கோப்பாக இருந்தால் 20. எம்கேடிர் கட்டளையின் -பி தேர்வு செய்வது, ஒவ்வொரு துண்டுக்கும் இந்தச் சிஸ்டம் காலைத் தனித்தனியாக அழைப்பதுதான். அதிலும் ஒரு பொறி உண்டு. -எம் கொடுத்து அனுமதி சொன்னால் அது கடைசிக் கோப்புறைக்கு மட்டுமே, நடுக் கோப்புறைகள் யூமாஸ்க்படி உருவாகும். பைதானின் மேக்டிர்ஸ் சார்பும் 3.7 முதல் அப்படித்தான்.

இந்தச் சிஸ்டம் காலுக்கு முந்தைய காலத்தை நினைத்தால் இதன் அருமை புரியும். ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் எம்கேடிர் சிஸ்டம் கால் கிடையாது. எம்கேடிர் கட்டளை செட்யூஐடி ரூட் நிரலாக (யார் ஓட்டினாலும் ரூட் உரிமையில் ஓடுவது) இருந்தது. எம்கேநோட் போட்டுக் கோப்புறையை உருவாக்கி, சிஎச்ஓன் போட்டு உரிமையை உங்களுக்கு மாற்றி, புள்ளி, இரட்டைப் புள்ளி இரண்டையும் லிங்க் செய்யும். அந்தப் படிகளுக்கு நடுவே புகுந்து, புதிய கோப்புறை இருந்த இடத்தில் கடவுச்சொல் கோப்புக்கு ஒரு லிங்க் வைத்துவிட்டால், ரூட் தன் கையாலேயே அந்தக் கோப்பின் உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிடும். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி இந்தப் படிகளையெல்லாம் கெர்னலுக்குள் ஒரே அழைப்பாக்கியது. நிரலில் ஸ்டாட்டும் எம்கேடிரும் தனித்தனியாக வைப்பது, அவர்கள் மூடிய அந்த இடைவெளியை நாமே மறுபடி திறப்பது போலத்தான்.

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்பு முறைமை) மேல் /தரவு இருக்கப்போகிறது என்றால் சொல்லுங்கள். பழைய பதிப்புகளில் பதில் தொலைந்து கோரிக்கை மறுபடி போனால், கோப்புறையை உருவாக்கிய ப்ராசஸுக்கே 17 வர வாய்ப்பு உண்டு. உங்கள் வேலைக்கு அது பாதகமில்லை. கோப்புறையைப் பூட்டாகப் பயன்படுத்துபவர்களுக்குத்தான் ஆபத்து.

---

கிழக்குக்கரை

மூன்றாவது கேள்வி. 0775 கொடுத்தால் மட்டும் போதாது, இரண்டு காரணங்கள்.

யூமாஸ்க் 022 இருக்கும்வரை 0775 என்பது 0755 ஆகத்தான் இறங்கும். அடுத்து, புதிய கோப்புறையின் குழு உங்கள் சர்வீஸ் கணக்கின் முதன்மைக் குழுவாக இருக்கும், படக்குழுவாக இருக்காது.

குழுவைச் சரிசெய்ய தாய்க் கோப்புறையில் செட்ஜிஐடி பிட் போடுங்கள். ஒரே முறைதான், ரூட்டாக:

சிஎச்ஜிஆர்பி படக்குழு /தரவு
சிஎச்மாட் 2775 /தரவு

இதன் பிறகு /தரவுக்குள் உருவாகும் எல்லாமே படக்குழுவின் கீழ் வரும். உள்ளே பிறக்கும் கோப்புறைகளுக்கு செட்ஜிஐடி பிட்டும் தானாக இறங்கும், எத்தனை அடுக்கு போனாலும். எம்கேடிருக்கு நேரடியாக 02775 கொடுத்தால் ஆகாதா என்று கேட்டால், லினக்ஸில் ஆகாது. தேக்காவாசி அண்ணன் சொன்ன 9 பிட்டுகளும் ஸ்டிக்கியும்தான் கணக்கில் வரும், செட்ஜிஐடி சத்தமில்லாமல் விழுந்துவிடும். தாயிடமிருந்துதான் அது வர வேண்டும்.

யூமாஸ்க்குக்கு வழி: சிஸ்டம்டி யூனிட் கோப்பின் சர்வீஸ் பகுதியில் யூமாஸ்க்=0002 என்று ஒரு வரி. கொடாநிலை 0022 என்பதால்தான் இப்போது எழுதும் உரிமை கழன்றுவிடுகிறது. அதன் பிறகு எம்கேடிர்(பாதை, 0775) என்றால் வட்டில் 2775 கிடைக்கும். நிரலுக்குள்ளேயே யூமாஸ்க்கை மாற்றி, எம்கேடிர் அழைத்து, திரும்ப வைக்கலாம் என்று யோசித்தால் வேண்டாம். யூமாஸ்க் ப்ராசஸ் முழுவதற்கும் பொதுவானது. அந்த நொடியில் இன்னொரு த்ரெட் ரகசியச் சாவிக் கோப்பு ஒன்றை உருவாக்கினால் அதுவும் குழுவுக்குத் திறந்து கிடக்கும்.

எம்கேடிருக்குப் பிறகு சிஎச்மாட் சிஸ்டம் கால் போடுவதும் ஒரு வழிதான், ஆனால் எண்ணைப் பார்த்துப் போடுங்கள். சிஎச்மாட்(பாதை, 0775) என்றால் தாயிடமிருந்து வந்த செட்ஜிஐடி போய்விடும். 02775 கொடுக்க வேண்டும். ஷெல்லில் ஓட்டும் சிஎச்மாட் கட்டளை கோப்புறைகளின் செட்ஜிஐடியைக் காப்பாற்றி வைக்கும், சிஸ்டம் கால் காப்பாற்றாது. இதில் குழம்புபவர்கள் நிறையப் பேர். அதோடு சர்வீஸ் கணக்கு படக்குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 02775 கொடுத்தாலும் கெர்னல் செட்ஜிஐடியை எடுத்துவிட்டு 0 திருப்பும். பிழை எதுவும் வராது.

யூமாஸ்க்கைத் தொடவே முடியாத சூழல் என்றால் டிஃபால்ட் ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) இருக்கிறது. தாய்க் கோப்புறையில் டிஃபால்ட் ஏசிஎல் வைத்துவிட்டால் அதற்குள் உருவாவதற்கு யூமாஸ்க் பார்க்கப்படாது, ஏசிஎல்லும் மோடும் சேர்ந்து முடிவுசெய்யும். செட்எஃப்ஏசிஎல் -டி -எம் கொடுத்து படக்குழுவுக்கு மூன்று உரிமையும் எழுதுங்கள்.

ஆகவே தேக்காவாசி அண்ணன் நிறுத்தி வைத்த ஃபைண்ட் கட்டளையில் இப்போது சிஎச்மாட் 2775 போடலாம். பழைய கோப்புறைகளுக்கு சிஎச்ஜிஆர்பியும் தனியாக ஓட்ட வேண்டும். செட்ஜிஐடி புதிதாகப் பிறப்பவற்றுக்கு மட்டுமே வேலை செய்யும். வரிசையும் முக்கியம், சிஎச்ஜிஆர்பி முதலில், சிஎச்மாட் பிறகு.

யூனிட் கோப்பைத் திறக்கும்போதே ப்ரொடெக்ட்சிஸ்டம்=ஸ்ட்ரிக்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் /தரவு அந்தச் சர்வீஸின் கண்ணுக்கு வாசிப்பு மட்டும் உள்ளதாகத் தெரியும். எர்நோ 30 வரும், ஷெல்லிலிருந்து அதே கணக்கில் முயன்றால் எழுத முடியும், தலை சுற்றும். ரீட்ரைட்பாத்ஸ்=/தரவு என்று சேர்த்தால் தீரும்.

---

ஈசூன்_நிரலர்

மூவருக்கும் நன்றி. 0775, யூனிட்டில் யூமாஸ்க்=0002, தாயில் 2775 என்று வைத்ததும் புதிய கோப்புறைகள் எல்லாம் 2775, குழு படக்குழு. ஸ்டாட்டை எடுத்துவிட்டு 17-ஐக் கையாண்டதில் அந்தப் பிழையும் நின்றது.

இப்போது வேறு இரண்டு. /தரவில் பொங்கோல் என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன, எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகின்றன. எம்கேடிர் ஒரே பெயருக்கு இரண்டு முறை 0 திருப்பாது என்றீர்களே? வட்டாரப் பெயர் பயனர்களின் கைப்பேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் வருகிறது.

மற்றொன்று, காலை 8 மணிக்கு முன் வரும் படங்கள் முந்தைய நாளின் கோப்புறைக்குப் போகின்றன.

---

வேர்க்கோப்புறை

கண்ணுக்கு ஒரே பெயர், கெர்னலுக்கு இரண்டு. லினக்ஸ் கெர்னலுக்கு எழுத்து தெரியாது, பைட்டுகள்தான் தெரியும். சாய்கோடும் பூஜ்ஜிய பைட்டும் தவிர எதுவும் பெயரில் வரலாம். பைட் வேறானால் பெயர் வேறு.

தமிழில் இது நேர்வது ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களில். "பொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ப-வுக்குப் பின் ஒ-வின் குறி ஒரே குறியீடாக வரலாம்:

\340\256\252 \340\257\212

அல்லது எ-வின் கொம்பும் ஆ-வின் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம்:

\340\256\252 \340\257\206 \340\256\276

திரையில் இரண்டும் "பொ". பொங்கோல் என்ற சொல்லில் "பொ", "கோ" என்று இரண்டு இடத்தில் இது வருகிறது. முதல் முறையில் 8 குறியீடுகள், 24 பைட். இரண்டாவதில் 10 குறியீடுகள், 30 பைட். எல்எஸ் வெளியீட்டை எக்ஸ்எக்ஸ்டிக்கு (பைட்டுகளை எண்களாகக் காட்டும் கட்டளை) பைப் செய்து பாருங்கள், வித்தியாசம் பட்டென்று தெரியும். தோ பாயோவுக்கும் இதே கதி வரும். ஈசூனுக்கு வராது, அதில் இப்படிப் பிரியும் எழுத்தே இல்லை.

தீர்வு, எம்கேடிரை அழைக்கும் முன் பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்தெழுதும் யூனிகோடின் தர வடிவம்) மாற்றுவது. சி-யில் ஐசியு அல்லது யூடிஎஃப்8ப்ராக் நூலகம் அதைச் செய்யும். ஆனால் என்எஃப்சியை மட்டும் நம்பாதீர்கள், தமிழில் அது பிடிக்காத இரண்டு உண்டு. ஔகாரக் குறியின் பின்பாதி, ள என்ற மெய்யெழுத்தைப் போலவே இருக்கும், ஆனால் வேறு குறியீடு. "கௌ" என்பதை க, எ-வின் கொம்பு, ள என்று உண்மையான ள போட்டுத் தட்டுபவர்கள் உண்டு. அதை என்எஃப்சி சேர்க்காது, சேர்க்கவும் கூடாது, ஏனென்றால் "கெள" என்பதும் சரியான எழுத்துத் தொடர்தான். அடுத்தது, சில விசைப்பலகைகள் நடுவில் நுழைக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள். அவற்றையும் என்எஃப்சி விட்டுவிடும், நீங்கள்தான் களைய வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், பயனர் தட்டிய பெயரைக் கோப்புறைப் பெயராக வைக்கவே வேண்டாம். சிங்கப்பூரின் வட்டாரங்கள் எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. செயலியில் பட்டியலாகக் கொடுத்து, பயனர் தேர்ந்தெடுப்பதை உங்கள் நிரலில் உள்ள ஒரே எழுத்துத்தொடரோடு பொருத்துங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. இப்போது யாராவது வட்டாரப் பெயர் என்று ../../ அனுப்பினால் உங்கள் எம்கேடிர் /தரவுக்கு வெளியே போய்க் கோப்புறை கட்டும்.

பட்டியல் சாத்தியமில்லை என்றால் குறைந்தபட்சம்: வெற்றுப் பெயர், புள்ளி, இரட்டைப் புள்ளி, சாய்கோடு உள்ள பெயர் எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். /தரவை ஒரு முறை திறந்து, அந்த டிஸ்கிரிப்டரை (திறந்ததைக் குறிக்கும் எண்) கொடுத்து எம்கேடிர்ஏட் அழையுங்கள். அது டிஸ்கிரிப்டர் எதையும் திருப்பாது, அதனால் உருவான கோப்புறையை ஓப்பன்ஏட் மூலம், சிம்லிங்க்கைப் பின்தொடராத தேர்வோடு திறந்து, அதை வைத்து அடுத்த எம்கேடிர்ஏட். நடுவில் யாராவது சிம்லிங்க் மாற்றி வைத்தாலும் தப்பான இடத்துக்குப் போக மாட்டீர்கள்.

நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயருக்கு வரம்பு 255. அது எழுத்துக் கணக்கல்ல, பைட் கணக்கு. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், ஆகவே 85 குறியீடுகள். "சிங்கப்பூர்" நம் கணக்கில் 6 எழுத்து, யூனிகோடில் 11 குறியீடு, வட்டில் 33 பைட். வட்டாரப் பெயருக்கு இது தாராளம். நிகழ்ச்சியின் முழுத் தலைப்பையே கோப்புறைப் பெயராக்க நினைத்தால் சீக்கிரமே எர்நோ 36 பார்ப்பீர்கள். அப்போது 255-ஆவது பைட்டில் கண்மூடித்தனமாக வெட்டினால், எழுத்தின் நடுவில் வெட்டு விழுந்து யூடிஎஃப்-8 கெட்டுப்போகக்கூடும், அல்லது புள்ளியை இழந்த மெய் உயிர்மெய்யாக நிற்கும்.

இப்போதிருக்கும் இரண்டு பொங்கோலையும் ஒன்றாக்க மறுபெயரிடுதல் உதவாது. இலக்கு காலியாக இல்லாவிட்டால் ரீநேம் எர்நோ 39 கொடுக்கும். 24 பைட் உள்ளதை வைத்துக்கொண்டு, 30 பைட் உள்ளதிலிருந்து தேதி தேதியாகக் கோப்புகளை எம்வி -என் கொண்டு நகர்த்துங்கள். -என் இருப்பதால் ஒரே பெயரில் படம் இருந்தால் மேலெழுதாது. மிச்சம் நின்றதைக் கையால் பாருங்கள். காலியான பிறகு ஆர்எம்டிர். ஆர்எம் -ஆர் வேண்டாம். ஆர்எம்டிர் காலியில்லாத கோப்புறையைத் தொடாது என்பதே இங்கே பாதுகாப்பு.

---

புக்கிட்_பைட்

காலை 8 மணி என்பதே காரணத்தைச் சொல்கிறது. சர்வர் யூடிசியில் ஓடுகிறது, சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால். இங்கே நள்ளிரவு தாண்டினாலும் யூடிசியில் தேதி மாற காலை 8 ஆகும்.

யூனிட் கோப்பில் என்விரான்மென்ட்=டிஸெட்=ஏசியா/சிங்கப்பூர் என்று வைத்தால் லோக்கல்டைம் சரியான தேதி தரும் (அந்த நேரமண்டலப் பெயரை ஆங்கில எழுத்துகளில்தான் எழுத வேண்டும்). ஜிஎம்டைம் பயன்படுத்தியிருந்தால் டிஸெட் எதையும் மாற்றாது, நிரலையே மாற்றுங்கள். பல த்ரெட் இருந்தால் லோக்கல்டைம்_ஆர்.

கன்டெய்னருக்கு ஒரு எச்சரிக்கை. சிறிய இமேஜ்களில் டிஸெட்டேட்டா பொதி இருக்காது. அப்போது நேரமண்டலப் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் நூலகம் யூடிசிக்கே திரும்பிவிடும், பிழை எதுவும் சொல்லாது. பொதியை நிறுவுங்கள். முடியாவிட்டால் டிஸெட்=எஸ்ஜிடி-8. ஆமாம், கழித்தல் குறிதான். போசிக்ஸ் முறையில் கிரீன்விச்சுக்குக் கிழக்கே உள்ள இடங்களுக்குக் கழித்தல். +8 போட்டால் 16 மணி நேரம் பின்னால் போய்விடுவீர்கள். சிங்கப்பூரில் கோடைக்கால நேரமாற்றம் இல்லாததால் இந்தச் சுருக்க வடிவமே ஆண்டு முழுவதும் சரியாக இருக்கும்.

இரண்டு வொர்க்கரும் தனித்தனியாகத் தேதி கணக்கிட வேண்டாம். படம் வந்து சேர்ந்த கணத்தில் ஒரு முறை நேரத்தை எடுத்து, அதையே கோப்புறைப் பெயருக்கும் தரவுத்தளப் பதிவுக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவு 11:59:59-க்கு வந்த படம் பதிவில் ஒரு நாளும் வட்டில் மறுநாளுமாக நிற்கும்.

---

தேக்காவாசி

இன்னும் ஒன்று மட்டும். மின்சாரம் போனாலும் படம் நிற்க வேண்டும் என்றால், படக் கோப்புக்கு எஃப்சிங்க் (வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் அழைப்பு) போட்டால் மட்டும் போதாது. எம்கேடிர் 0 திருப்பியது என்றால் புதிய பெயர் நினைவகத்தில் பதிந்தது என்றுதான் பொருள், வட்டில் இறங்கியது என்றல்ல. வரிசை இது: படக் கோப்புக்கு எஃப்சிங்க், அது இருக்கும் தேதிக் கோப்புறையைத் திறந்து எஃப்சிங்க், தேதிக் கோப்புறை புதிதாக உருவானது என்றால் வட்டாரக் கோப்புறைக்கும் எஃப்சிங்க், வட்டாரமும் புதிது என்றால் /தரவுக்கும். 17 வாங்கிய வொர்க்கரும் இதைச் செய்ய வேண்டும். கோப்புறையை உருவாக்கிய மற்ற வொர்க்கர் இன்னும் எஃப்சிங்க் போடாமல் இருக்கலாம். "படம் சேமிக்கப்பட்டது" என்ற பதிலை இவை முடிந்த பிறகு பயனருக்கு அனுப்புங்கள்.